மாடிப் பூங்காவில் எதைக் காட்டுவது?

கேள்வி: "வயது 29. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை. போர் வரலாறு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய நகர மதில்மேல் இருக்கும் மாடிப் பூங்கா, யானைகவுனி, கோட்டை என்று சுற்றிக் காட்டுகிறேன். காசு வாங்குவதில்லை. ஆனால் பாதியிலேயே 'இதுல என்னப்பா இருக்கு, ஒரு செவுரு, ஒரு பார்க்கு' என்று போனை எடுத்துவிடுகிறார்கள். போன வாரம் 1914இல் மெட்ராஸைச் சுட்ட ஜெர்மன் கப்பல் எம்டனில் விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை வரவில்லை என்று சொன்னதற்கு ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். வெளிநாட்டில் போர்க்கள வழிகாட்டி என்று தனித் தொழிலே இருக்கிறதாமே, இங்கே அப்படிப் பிழைக்க முடியுமா? லைசென்ஸ் வேண்டுமா? வேலையை விட்டுவிடலாமா?"

தம்பிக்கு வணக்கம். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வீட்டில் அதுதான் பேச்சாக ஓடிக்கொண்டிருக்கும். வேலையை விடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்த 'செவுரு, பார்க்கு' வரிதான். அப்படிச் சொன்னவர் நேர்மையான மனுஷன். அவர் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, அதைத் தெரிய வைக்கத்தான் நமக்குக் கூலி.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைக் கடிதத்தை வைத்தே ஊகிக்க முடிகிறது. பழைய ஜெயில் ரோட்டில் எல்லாரையும் இறக்கி, படியேறுவதற்கு முன்னாலேயே சுவரைக் காட்டி, ஹைதர் அலிக்குப் பயந்து கம்பெனிக்காரன் கட்டியது என்று தொடங்கி, ஆண்டு, காண்டிராக்டர் பெயர், சுவரின் கனம் எல்லாம் ஒப்பித்து முடிப்பீர்கள். சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் கூட்டம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது உள்ளே நின்று வெளியே பார்ப்பதற்காகக் கட்டிய சுவர் தம்பி. முதலில் மேலே ஏற்றுங்கள். ஏற்றி, வடக்கே பார்க்கத் திருப்பி நிறுத்துங்கள். அப்புறம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: என் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது, இந்தச் சுவர் கட்டிய காலத்தில் அது எதிரி வரும் பக்கம். உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இது, என்னைப் போல வேறு ஊரிலிருந்து வந்து வழிகாட்டுகிறவன் இதைச் சொல்ல முடியாது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் எல்லாம் சுவருக்கு வெளியே. உள்ளே இருந்தவனுக்குப் பாதுகாப்பு, வெளியே இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு சொன்னதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் 'அப்ப வெளியே இருந்தவங்க என்ன பண்ணாங்க?' என்று கேட்பார், அந்தக் கேள்வி வந்துவிட்டால் அடுத்த கால் மணி நேரம் உங்கள் கையில்.

அதற்கு அப்புறம்தான் ஹைதர் வர வேண்டும். 1767இல் திப்புவின் குதிரைப்படை மெட்ராஸின் புறநகர் வரைக்கும் வந்து கொள்ளையடித்துவிட்டுப் போனது, 1769இல் ஹைதரே படையோடு நகரத்தின் வாசல் வரை வந்து நின்று உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். அந்த அதிர்ச்சியில் எழுந்ததுதான் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிய மதில். கட்டுமான ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டுக்கு, ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தே கொழுத்த ஆள். கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்கள் தலையில் வரியாகப் போடலாம் என்று கம்பெனி போட்ட திட்டம் எடுபடவில்லை, அதன் பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடாக நின்றுவிட்டது. இந்தக் கதையை மாடிப் பூங்காவிலேயே கொட்டிவிடாமல் வால்டாக்ஸ் ரோட்டுக்கு மிச்சம் வையுங்கள். நம்மூர்க்காரர்களுக்குத் துப்பாக்கியைவிட வரி நன்றாகப் புரியும், அந்த இடத்தில் சிரிப்பும் வரும்.

இவ்வளவு செலவு செய்து கட்டிய மதிலை எந்தப் படையும் வந்து முட்டவில்லை. 1780இல் ஹைதரின் குதிரைகள் பரங்கிமலை, சாந்தோம் பக்கம் சுற்றிக் கொள்ளையடித்தன, வடக்கு மதிலுக்கு வேலையே வரவில்லை. புதிதாக வருகிற வழிகாட்டிகள் இதை மறைக்கப் பார்ப்பார்கள், சண்டையே நடக்காத இடத்துக்கு எதற்குக் கூட்டிவந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். மறைக்காதீர்கள். சண்டை நடக்காமல் போனதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணமா, அல்லது ஹைதருக்கு மெட்ராஸைவிட ஆற்காடு முக்கியமாகப் பட்டதா என்று கூட்டத்தையே வாதாட விடுங்கள். ஒரு பென்ஷன் வாங்கும் சுபேதாரும் ஒரு கல்லூரிப் பையனும் அங்கே மோதிக்கொண்டால் நீங்கள் ஓரமாக நின்று தண்ணீர் குடிக்கலாம்.

சரி, சண்டை நடந்த இடம் வேண்டும் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது 1758-59 முற்றுகை. நீங்கள் தினமும் வேலைக்குப் போகிற வழியில்தான் அது நடந்தது, இதை உங்கள் முக்கியமான நடையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. 1758 டிசம்பர் 14ஆம் தேதி லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. நுழைந்தவர்கள் வீடுகளை உடைத்துச் சூறையாடினார்கள், சாராயம் கிடைத்தது, குடித்தார்கள். கோட்டைக்குள் ஆளுநர் பிகட், படைக்குத் தலைமை ஸ்டிரிங்கர் லாரன்ஸ். எதிரி போதையில் இருக்கிறான், இதுதான் சமயம் என்று டிரேப்பர் தலைமையில் ஒரு படை வெளியே வந்தது. அந்தக் குறுகலான தெருக்களில் நடந்த கைகலப்பில் இரண்டு பக்கமும் ஆட்கள் செத்துக் குவிந்தார்கள். டிரேப்பர் பின்வாங்க வேண்டியதாகிவிட்டது, ஆனால் பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான கவுண்ட் தெஸ்தாங் ஆங்கிலேயர் கையில் சிக்கினார். இதே தெஸ்தாங்தான் இருபது வருஷம் கழித்து அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவப் போன பிரெஞ்சுக் கடற்படைக்குத் தலைவர், கடைசியில் 1794இல் கில்லட்டினில் தலை போனது. டிரேப்பர் பின்வாங்கிப் போகும்போது இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வழிமறிக்க வரவில்லை என்று லாலி கடைசிவரை புலம்பினார், அவர் தலையும் 1766இல் பாரிஸில் வெட்டப்பட்டது. பிகட்டை 1776இல் அவருடைய சொந்த சபை உறுப்பினர்களே கைது செய்தார்கள், அடுத்த வருஷம் காவலிலேயே செத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தலை உருண்ட கணக்கு ரொம்பப் பிடிக்கும். அளவோடு பரிமாறுங்கள்.

இதை எங்கே நின்று சொல்வது என்பதுதான் தொழில். பாரீஸ் கார்னரில், டேர் ஹவுஸ் ஓரமாக, ஒரு கல் தூண் நிற்கிறதே, தினமும் ஆயிரம் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற இடம், அங்கே நில்லுங்கள். 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதிலிருந்து தெற்கே, கோட்டை வரைக்கும், ஒரு வீடு கட்டக்கூடாது, வெட்டவெளியாகவே கிடக்க வேண்டும், கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைவு எதுவும் இருக்கக்கூடாது என்று கம்பெனி போட்ட கோடு. ஏன் அப்படி ஒரு கோடு? 1746இல் கோட்டை பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனது, 1758இல் லாலியின் ஆட்கள் வீடுகளின் மறைவிலேயே கோட்டை அருகில் வந்துவிட்டார்கள், பட்ட பாடு அது. இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற இடம்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடம். அங்கே குடியிருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் எல்லாம் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். ஊர்க்கோவிலையே விட்டுவைக்கவில்லை. பட்டணம் பெருமாள் கோவில் என்று பெயர் வாங்கிய சென்னகேசவப் பெருமாள் கோவில் அந்த இடத்தில்தான் இருந்தது, 1757இல் அதை இடித்தார்கள், மாற்று இடம் கொடுத்து, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, பூக்கடைப் பக்கம் கேசவப் பெருமாளுக்கும் மல்லீஸ்வரருக்கும் அடுத்தடுத்துக் கோவில் எழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கோவிலுக்குப் போயிருப்பார்கள். பீரங்கி சுடுவதற்கு இடைஞ்சல் என்று சாமியே வீடு மாறிய கதை என்று சொல்லிப் பாருங்கள், போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலை ஒன்றாவது நிமிரும்.

அப்படியே கோட்டைக்குள் போனால் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் கல்லறைக் கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் எல்லாம் கலந்து கிடக்கும். யாரும் அந்தக் கற்களுக்கு அடியில் புதைக்கப்படவில்லை. அந்த இடுகாடு இருந்தது இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம். முற்றுகையின்போது பிரெஞ்சு வீரர்கள் அந்தக் கல்லறை மாடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டார்கள், முற்றுகை முடிந்ததும் முதல் வேலையாக மாடங்களை இடித்துக் கற்களை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். இந்த இடத்தில் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். பேசுவதை நிறுத்திவிட்டு, ஒரு கல்லருகே குந்தி உட்கார்ந்து, எழுத்தின் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஷூவும் செருப்பும் தேய்த்துச் சில கற்களில் பெயர் மழுங்கியிருக்கும். செத்தவனின் கல்லைக்கூட யுத்தம் நகர்த்தியிருக்கிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், அவர்களே சொல்வார்கள். தேவாலயம் என்பதால் பிரார்த்தனை நேரம் பார்த்துப் போக வேண்டும், கல் மேல் ஏறி நின்று செல்பி எடுக்க விடக்கூடாது. இதில் கறாராக இருங்கள்.

முற்றுகை எப்படி முடிந்தது? 1759 பிப்ரவரி 16ஆம் தேதி ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தெரிந்தன, அன்று ராத்திரியே லாலி மூட்டை கட்டினார், காயம்பட்டவர்களையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டு. வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து யூசுப் கான், நம் மருதநாயகம், பிரெஞ்சுக்காரனுக்கு வரும் உணவு வண்டிகளை மறித்துக்கொண்டே இருந்ததும் ஒரு முக்கியக் காரணம். சுட்டவர்களிலும் சுடப்பட்டவர்களிலும் பாதிக்குமேல் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள்தான். மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758 என்று கணக்கு வைத்துக்கொள்வதும் லாரன்ஸ் அந்தச் சிப்பாய்களைப் பட்டாளங்களாகத் திரட்டியதை வைத்துத்தான். தளபதிகளின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் இது வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை மாதிரிதான் கேட்கும்.

கப்பல்கள் கடலில் தெரிந்தன என்று சொல்லும்போது கவனம். கூட்டம் கடலைத் தேடும், கண்ணுக்குத் தெரிவது துறைமுகக் கட்டடங்களும் டிரெய்லர் லாரிகளும். அந்தக் காலத்தில் அலை கோட்டையின் கிழக்குச் சுவருக்குப் பக்கத்திலேயே அடித்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, வடக்கே போக வேண்டிய மணல் போகாமல் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் ஊரைத் தின்றது, இன்னமும் கல் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். காசிமேட்டுக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க்கள வழிகாட்டிக்கு முதல் பாடமே இதுதான், இன்றைய தரையை அன்றைய தரை என்று நினைக்கக்கூடாது. முற்றுகைக்கால வரைபடங்கள் இணையத்திலேயே கிடைக்கும். ஏ3 அளவில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பாரீஸ் கார்னரில் கையில் காகிதம் பிரித்தால் பறந்துவிடும். வரைபடத்தை வடக்கு வடக்காக வைத்துக் கூட்டத்தின் நடுவில் பிடித்து, நாம் நிற்கிற இடம் இது என்று ஒரு விரலால் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, தேதி. 1746இல் கோட்டை விழுந்தது செப்டம்பர் 10 என்று ஒரு புத்தகத்திலும் 21 என்று இன்னொன்றிலும் இருக்கும். இரண்டும் சரி. இங்கிலாந்து 1752 வரைக்கும் பழைய காலண்டரில் ஓடிக்கொண்டிருந்தது, பிரெஞ்சுக்காரன் புதியதில், நடுவே 11 நாள் இடைவெளி. அடையாற்றுச் சண்டைக்கும் அதே கதை, அக்டோபர் 24, நவம்பர் 4 என்று இரண்டு தேதி. கூட்டத்தில் ஒருவர் போனில் தேடிப் பார்த்து 'சார், நீங்க சொன்ன தேதி தப்பு' என்பார். பதில் தயாராக இருந்தால் அவரே உங்கள் விசிறியாகிவிடுவார்.

இனி எம்டன் பஞ்சாயத்துக்கு வருவோம். விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கப்பலைக் கொண்டுவந்து சுமார் 130 குண்டுகள் சுட்டார், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சப்ரா என்ற கப்பலும் அடி வாங்கியது, சில உயிர்களும் போயின. அந்தச் சமயத்தில் செண்பகராமன் பிள்ளை சுவிட்சர்லாந்தில் இருந்தார், ஜூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு நடத்திக்கொண்டு, அதற்கப்புறம்தான் பெர்லின் போனார். ஆனால் அந்தப் பெரியவரிடம் 'அவர் கப்பலில் இல்லை' என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? அவர் சின்ன வயதிலிருந்து சுமந்த ஒரு வீரனை நீங்கள் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையாக நிற்கவிட்டீர்கள். கப்பலில் இல்லாத அந்த மனிதர் நிஜமாக எங்கெல்லாம் இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். வெறும் 23 வயதுப் பையன், பெர்லினில் இந்தியப் புரட்சிக்காரர்களின் குழுவில் வேலை பார்த்தவர், 1915 டிசம்பரில் காபூலில் அறிவித்த இந்தியத் தற்காலிக அரசாங்கத்தில் வெளியுறவு அமைச்சராகப் பெயர் குறிக்கப்பட்டவர். கப்பல் கதையைவிட இது ஒன்றும் சளைத்ததில்லை. பெரியவர் அப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை. மற்றவர்கள் முன்னால் அவரைத் தோற்கடிக்காமல் விட்டதற்காக டீ வாங்கித் தருவார்.

எம்டனை எங்கே சொல்வது என்பதில் எனக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. எல்லாரும் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இருக்கும் நினைவுக்கல் முன்னால் நின்று சொல்கிறார்கள். நினைவுக்கல்லைக் காட்டுங்கள், கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டுச் சிதறல் இருக்கிறது, அதையும் காட்டுங்கள், ஆனால் கதையைக் காசிமேட்டில் பொழுது சாய்ந்தபின் சொல்லுங்கள். வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்கு வரிசையாகத் தெரியும். எம்டன் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நின்று சுட்டது, அந்த விளக்குகளைவிடப் பக்கம். கரையில் கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது, ஊர் யுத்தத்தை மறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முல்லருக்கு எது தெரிந்தது, கரையில் இருந்தவனுக்கு எது தெரியவில்லை என்று கேளுங்கள். மீன் வலை உலர்த்துகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள், அது அவர்கள் வேலை செய்கிற இடம். துறைமுகம், கடற்படை, கோட்டைக்குள் ராணுவப் பகுதி, எதையும் கேமரா தூக்கிப் படம் எடுக்க விடாதீர்கள். டிரோன் என்ற பேச்சே வேண்டாம். கூட்டத்தில் ஒருவர் மாட்டினால் பதில் சொல்வது நீங்கள்தான்.

தொழில் விஷயம். ஆமாம், வெளிநாட்டில் இது முறையான தொழில். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் 1915இலிருந்தே தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறார்கள், எழுத்துத் தேர்வும் உண்டு, பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு களத்தைச் சுற்றிக் காட்டும் வாய்மொழித் தேர்வும் உண்டு. பிரிட்டனில் போர்க்கள வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, களத்தில் வைத்து உங்களை எடைபோட்டுத்தான் பேட்ஜ் தருவார்கள். நம் நாட்டில் போர்க்களத்துக்கென்று தனி உரிமம் கிடையாது. பொதுவான சுற்றுலா வழிகாட்டி உரிமம்தான், மாநிலச் சுற்றுலாத் துறை வழியாகவோ, மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையத்தில் நடத்தும் பயிற்சி, தேர்வு வழியாகவோ வாங்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் உரிமம் இல்லாமல் காசுக்கு வழிகாட்டக்கூடாது. ஆகவே காசு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது மாதிரி சில்லறை விவரங்களும் உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும், போர் வரலாற்றைவிட இதில்தான் வழிகாட்டியின் பெயர் கெடும்.

வருமானம்? போர் நடையை மட்டும் வைத்து மெட்ராஸில் ஒரு குடும்பம் ஓடாது, அதனால்தான் வேலையை விட வேண்டாம் என்றேன். இதையே தனித் தொழிலாக வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் கோவில் சுற்றுலாவும் சாப்பாட்டு நடையும்தான் அரிசி பருப்பு. யுத்தம் பார்க்க வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், குளிர்காலத்தில் வரும் வெளிநாட்டுக்காரர்கள், மலேசியா சிங்கப்பூரிலிருந்து வரும் நம்மவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் தாத்தா இருந்தார், பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தார் என்று வருவார்கள். சென்ட்ரல் பக்கம் இருந்த பழைய மத்திய சிறையில் 1943 செப்டம்பர் 10 அன்று வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள், ரகசியமாக அனுப்பப்பட்டு வந்து பிடிபட்டவர்கள், காதர் வந்தது நீர்மூழ்கிக் கப்பலில். சிறையை இடித்துவிட்டார்கள், அந்தச் சாலையில் நின்று சொன்னால்கூட அவர்களுக்குப் போதும். கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல் குழுவுக்கு இவ்வளவு என்று வையுங்கள், பாதிப் பேர் வராமல் போனால் உங்கள் கை கடிக்காது. இலவசமாக மட்டும் இனி செய்யாதீர்கள். காசு கொடுத்தவன்தான் போனைப் பைக்குள் வைப்பான்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போக நேரும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், முதல் உலகப் போரில் இறந்து இந்தியாவின் வேறு வேறு இடங்களில் புதைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பலகையும் உண்டு. அங்கே வழிகாட்டி பேசுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. யாராவது ஒரு குடும்பம் தங்கள் ஆளைத் தேடி வருகிறது என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரை முன்னாலேயே தேடி, வரிசை எண்ணைக் குறித்துவைத்து, நேராகக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தள்ளி நின்றுவிடுங்கள்.

மெட்ராஸ் அலுத்துவிட்டது என்று சொல்லும் கூட்டத்துக்கு வெளியூர் ஒருநாள் பயணம் இரண்டு தயாராக வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாகப் பழவேற்காடு, 1613இல் டச்சுக்காரன் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, இப்போது முள்காடு, பாம்புக்குப் பயந்தவரைக் கூட்டிப்போகாதீர்கள். டச்சுக் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் இருக்கின்றன, பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டார்கள். இன்னொன்று காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர். எனக்குக் கேட்டால் தமிழ்நாட்டில் ஒரே ஒரு போர்க்களத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவரை அங்கேதான் கூட்டிப்போவேன். பல்லவன் மகேந்திரவர்மன் தன் எதிரிகளைப் புள்ளலூரில் முறியடித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது, வந்தவன் சாளுக்கியப் புலிகேசி என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, அதே வயல்வெளியில் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததோடு பெய்லியின் கதை முடிந்தது, கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர் அங்கேயே செத்தார். இதில் கூட்டத்தைப் பிடித்து இழுக்கும் கேள்வி என்னவென்றால், பக்சாரில் ஜெயித்த இன்னொரு ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு பக்கத்தில் காஞ்சிபுரத்தில்தான் இருந்தார், பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரம், ஏன் நேரத்துக்கு வந்து சேரவில்லை? அவருடைய அரிசியும் சாமானும் காஞ்சிபுரத்துக் கோவிலில் இருந்தன, விட்டுவிட்டு வந்தால் படைக்குச் சோறில்லை. செய்தி தெரிந்ததும் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்கு ஓடினார். இதை காஞ்சிபுரத்திலிருந்து புள்ளலூருக்கு வேனில் போய்க்கொண்டே சொல்லுங்கள், அந்தத் தூரத்தை அவர்கள் உட்கார்ந்தே உணரட்டும். வழியில் சாப்பாட்டை மட்டும் காஞ்சிபுரத்திலேயே முடித்துவிடுங்கள், புள்ளலூரில் ஒன்றும் கிடைக்காது, கழிப்பறை உட்பட.

முதல் கட்டண நடையை டிசம்பர் 14ஐ ஒட்டிய ஞாயிறு வையுங்கள். வெயிலும் குறைவு, முற்றுகை தொடங்கிய நாளும் அதுதான், ஞாயிறு காலை ஆறரைக்குப் பாரீஸில் பேசுவது காதில் விழும், எட்டரைக்கு மேல் விழாது. கழுத்தில் மாட்டும் ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள், மலிவானது போதும். மழை பிடித்துக்கொண்டால் மண்ணடித் தெருக்களில் தண்ணீர் நிற்கும், அதற்கு மாற்று வழி இப்போதே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நிற்பீர்கள், எந்தப் பக்கம் பார்க்க வைப்பீர்கள், அங்கே என்ன கேள்வி கேட்பீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். வருஷமும் பெயரும் அந்தப் பக்கத்தில் வேண்டாம், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.